ஆள் ஆழத் தாமரைக் குளம்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கடலோரத் தங்கச்சிமடத்துக்கு போஸ்ட்மாஸ்டராக மாற்றலாகி வந்த புதிதில், கொல்லையில் தாமரைக் குளம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். வெட்ட வந்தவர் ஊற்றுத் தோண்டுகிறவர். மெலிந்த, கறுத்த ஆள், கழுத்தில் ஜெபமாலை. மண்ணில் கசிகிற நீரை முழத்துக்கு முழம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

இடுப்பளவு வெட்டியதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"சார், இங்கன நல்ல தண்ணி மேலாகத்தான் நிக்குது. அடியில பூராம் உப்பு. இன்னும் வெட்டுனா அது மேல ஏறிரும். சிமெண்டுத் தொட்டி கட்டி அதுல தாமரை வைங்க."

"தொட்டியிலயா? எங்க ஊர்ல ஆள் ஆழத்துல பூக்கும். வெட்டுய்யா!"

வெட்டினார்.

தாமரை நட்டேன். பத்து நாளில் இலைகள் கருகின. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வேலிக்கு அப்பால் பெண்கள் சிரட்டையால் குடிதண்ணீர் அள்ளும் ஊற்றும் உப்பாகிவிட்டது. குடத்தோடு என் வாசலைத் தாண்டி வெகுதூரம் நடந்தார்கள். அவர்களில் குளம் வெட்டியவரின் மனைவியும் ஒருத்தி. சர்க்கார் உத்தியோகஸ்தன் என்று யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் அவர் மண்சட்டியோடு வந்து, அதிலிருந்த மீன்குஞ்சைக் குளத்தில் விட்டார்.

"கடல் மடவை சார். இனிமே இங்கன இதுதான் பொழைக்கும்."

கேலியா, இரக்கமா, இன்றுவரை தெரியவில்லை. போகுமுன் பழக்கதோஷத்தில் குனிந்து, நீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

நான் மாற்றலாகிப் போகும்போது அந்த மீன் முழங்கை நீளம் வளர்ந்திருந்தது.