அருள் என்று நினைத்தோம்

மாரித்தாயை நம்பும் உங்களிடம் பேசவே எனக்குக் கூச்சம்தான். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் கூலி வேலை.

போன பங்குனிப் பொங்கல். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் மேளம் உச்சத்தில் இருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் செல்வி திடீரெனத் தள்ளாடி ஆடினாள். கண் செருகியது.

"ஏ, செல்விக்கு அருள் வந்துருச்சு! மஞ்சத் தண்ணி ஊத்துங்கடி!"

பெண்கள் குலவையிட்டார்கள். என் அக்கா அவள் காலில் விழுந்து, "தாயே, எம் மகனுக்குப் பொண்ணு எப்பம் அமையும்?" என்று குறி கேட்டாள். செல்விக்கு வாய் குளறியது. அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று நான் கைகூப்பி அழுதேன்.

அவள் சரிந்தாள். சாமி மலையேறுகிறது என்று விலகி நின்றோம். யாரும் தூக்கவில்லை. உதடு நீலமானது. பொங்கல் பார்க்க வந்த நர்ஸம்மாதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"மூச்சே சரியா இல்ல, அருளாம்ல அருளு! என்ன மாத்திரை போட்டா?"

தாவணி முடிச்சில் மாத்திரை அட்டை இருந்தது. என் மனைவியின் இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது.

ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயே, நீ அவ மேல வர வேண்டாம். அவளை எனக்குத் திருப்பிக் குடு" என்று வேண்டினேன். தீச்சட்டிக்கு நான் பயந்ததில்லை. மைக்குக்குத்தான் பயம். அதனால், பிள்ளை பிழைத்தால் ஊர்ப் பிள்ளைகள் முன்னால் மைக் பிடித்துப் பேசுவேன் என்று நேர்ந்துகொண்டேன்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் மறுநாள் கண் விழித்தாள்.

"பரீட்சை பயம்ப்பா. போட்டா மனசு லேசாச்சு. டாக்டர் எழுதின மாத்திரைதான, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

பிழைத்தாள். ஆனால் பழக்கம் விடவில்லை. கை நடுங்கும், தூக்கம் வராது. மறுபடியும் ஒளித்துவைத்துப் போட்டாள். சிகிச்சைக்கு இன்னும் போகிறோம். பல நாள் நம்பிக்கையே இருப்பதில்லை.

ஆடியில் கூழ் ஊற்றிய அன்று மைக்கைப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லி, டாக்டர் ஒருவருக்கு எழுதிய மாத்திரை இன்னொருவருக்கு விஷம் என்றேன்.

"மாமா, எந்த மெடிக்கல்ல கெடைக்கும்? அதைச் சொல்லுங்க!" என்றான் ஒருவன். பையன்கள் சிரித்தார்கள்.

செல்வி எழுந்து வந்து மைக்கை வாங்கினாள்.

"சிரிக்காதீங்கலே. அன்னைக்கு எம் மேல வந்தது சாமி இல்ல. சாவு."

சிலர் தலைகுனிந்தார்கள். சிலர் அப்போதும் சிரித்தார்கள். எத்தனை பேர் காதில் ஏறியதோ, தெரியாது. ஆனால் ஊமை போலிருந்த எனக்கு அம்மா வாய் கொடுத்தாள். இன்று காலையும் என் மகள் மூச்சு விடுகிறாள். எனக்கு இது போதும்.

உங்கள் பிள்ளை ஆடினால் கும்பிடுங்கள். அதற்குமுன் மூச்சைப் பாருங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கூடவே தாயையும் கூப்பிடுங்கள். வருவாள்.