முக்கால் அடி தாழ்ந்த கம்பம்

ஆட்டம் தொடங்குவதற்கு முன் எங்கள் கோல்கீப்பர் ஒரு முறை எம்பி, தலைக்கு மேலிருக்கும் குறுக்குக் கம்பத்தை உள்ளங்கையால் அறைவாள். 'டங்' என்று ஓர் ஓசை எழும். வேண்டுதல் போலத் தெரியும். உண்மையில் அது ஒரு கணக்கு. எந்த உயரம் வரை தன் எல்லை, எதற்கு மேல் போகும் பந்தைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று உடம்புக்குச் சொல்லிவைக்கும் வழி. திருநின்றவூர் ஏரியோரத்து மைதானத்தில் அந்த ஓசையை ஓராண்டுக்கு மேல் கேட்டிருக்கிறேன். கம்பத்தை நட்டவன் நான். அந்த ஓசைக்குப் பெருமைப்பட்டவனும் நான்தான்.

என் மருமகள் வியாசர்பாடிக்காரி. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. என் மகன் அவளை அழைத்துவந்த புதிதில், உறவினர் முன்னால் அவள் 'ஊடு', 'கீது' என்று பேசும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொறியாளராக ஓய்வு பெற்றவன் என்ற மிதப்பு எனக்கு. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "மாமா, நான் பொண்ணுங்களுக்கு ஒரு ஃபுட்பால் க்ளப் ஆரம்பிக்கப் போறேன். லீவு நாள்ல ஆடுற க்ளப் இல்ல. மாசம் பொறந்தா சம்பளம் குடுக்குற க்ளப்பு."

மகன் சிரித்தான். "மெட்ராஸ்ல பசங்க ஆடுனாலே பாக்க ஆளு வர்றதில்ல."

"உன்ன கேட்டாண்ட டிக்கெட் கிழிக்க வெச்சிக்கறேன். நீ கவலப்படாத."

வாரக் கடைசிகளில் ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பெண்களைத் திரட்டினாள். வேப்பம்பட்டில் கபடி ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையையும் பாய்ச்சலையும் பார்த்து, அவள்தான் கோல்கீப்பர் என்று முடிவுசெய்தாள். அந்தப் பெண்ணின் அம்மா தையல் கம்பெனிக்குப் போகிறவர். அவர், "ஆடுறதுக்கா சம்பளம்? யாரு குடுப்பா, கடவுளா?" என்று கேட்டாராம். "இப்போதிக்கு நான்தாங்கா. கடவுள் ஸ்பான்சரா வந்தா சொல்லி அனுப்பறேன்" என்று இவள் சொன்னாளாம்.

கம்பம் நடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குழாய் இருபதடி நீளத்தில் வரும். அதை இரண்டாக வெட்டினால் பத்தடிக் கால்கள் இரண்டு. விதிப்படி எட்டடி மேலே, இரண்டடி மண்ணுக்குள். ஆனால் ஏரி மண் பொதபொதவென்று இருந்தது, இரண்டடி நிற்காது. முக்கால் அடி கூடுதலாக இறக்கினேன். இன்னொரு குழாய் வரவழைத்திருக்கலாம். தொழிற்சாலை ஆண்கள் அணிக்கு அப்படித்தான் செய்தேன். இங்கே, பெண்கள்தானே, யார் அவ்வளவு உயரம் எம்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே எழுதுகிறேன், மெருகு பூசவில்லை.

மருமகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கம்பம் தாழ்வா கீற மாதிரி இல்ல, மாமா?" என்றாள்.

"மண்ணு மேடும்மா, அதான். நான் அளந்துதான் நட்டேன்."

என் படிப்பை நம்பி அவள் டேப் எடுக்கவில்லை. பயிற்சி ஆட்டங்களுக்கும் மற்ற அணிகளே எங்கள் மைதானத்துக்கு வந்ததால், எங்கள் பெண்கள் வேறு கம்பத்தின் கீழ் நின்றதே இல்லை.

லீக்கில் சேர ஓர் ஆட்டம் வென்றாக வேண்டும். நகரத்து ஸ்டேடியம், கடற்காற்று கொடிகளை அடித்துக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் வழக்கம்போல் எம்பினாள். விரல் நுனி மட்டும் உரசியது. ஓசை எழவில்லை. அவள் நிமிர்ந்து கம்பத்தையும், பிறகு தன் கையையும் பார்த்தாள். அவளுக்கு என்னவென்று புரியவில்லை. கேலரியில் இருந்த எனக்குப் புரிந்தது.

முதல் பாதியில் ஒரு பந்து, கம்பத்துக்கு மேலே போகிறது என்று அவள் விட்டுவிட்ட பந்து, கம்பத்துக்குக் கீழே நுழைந்தது. "குட்டக் கையி, ஸ்டூல் போட்டு நில்லுமா!" என்று எவனோ கத்தினான். இடைவேளையில் நான் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போகவில்லை. இரண்டாம் பாதியில் அதே உயரத்தில் இன்னொன்று. தோற்றோம். அடுத்த நாளிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்து மருமகளிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எங்கிட்ட சொல்றது ஈஸி மாமா. வேப்பம்பட்டுல ஒருத்தி, தன் கையாலதான் எல்லாம் போச்சுன்னு குந்திகினு கீறா. அங்க போய் சொல்லுங்க" என்றாள்.

போனேன். வாசலிலேயே நின்று, குழாய், மண், நான் நினைத்தது, சொன்ன பொய், இடைவேளையில் வாய் திறக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

"அப்போ என் கை குட்ட இல்லியா, சார்?"

"இல்லம்மா."

அவள் அழுதாள். அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது: "படிச்சவரு பண்ற வேலையா சார் இது?" புறப்படும்போது அந்தப் பெண் வந்து, "நாளைக்கு மாத்தி நடுங்க சார். டேப்ப நான் புடிக்கறேன்" என்றாள்.

அவளே பிடித்தாள். எட்டடி. மருமகள் வேண்டுமென்றே இரண்டு முறை அளக்க வைத்தாள்.

அடுத்த ஆண்டு லீக்கில் நுழைந்தோம். சம்பளம் வாங்கி ஆடும் பெண்கள் இன்று எங்கள் பகுதி ரயிலில் ஒரே நிறச் சட்டையில் ஏறுகிறார்கள். இடம் கொடுப்பவர்களும் உண்டு. "என் மருமகளோட க்ளப்" என்று அறிமுகமில்லாதவர்களிடம்கூடச் சொல்லிவிடுகிறேன். என் மகன் உண்மையாகவே கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ஸ்டேடியம். கோல்கீப்பர் தன் இடத்துக்குப் போகும் வழியில் கேலரியில் என்னைத் தேடிப் பிடித்து, டேப் இழுப்பதுபோல் இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். பக்கத்திலிருந்தவர் "என்ன சார் சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அவள் எம்பினாள். ஓசை கேலரி வரை வந்தது.