தோபா ஏரிக் குறிப்புகள்

மனைவியும் நானும் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறி, மேடான் வழியாகத் தோபா ஏரிக்குப் போனோம். பயணக் குறிப்புகளை நான் லேப்டாப்பில் தமிழில் தட்டினேன். அவள் பள்ளிக்கூட நோட்டில் எழுதினாள். "கரையான் தின்னப் போவுதுலா" என்று சிரித்தேன்.

பிளாப்பி, சிடி, ஹார்ட் டிஸ்க் என்று கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கோப்பைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். போன வாரம் திறந்தேன். ஒரு பைட்கூடக் கெடவில்லை. ஆனால் அன்றைய தமிழ் எழுத்துரு இன்றைய கம்ப்யூட்டரில் இல்லை. பக்கம் பக்கமாக, கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு செய்துவிட்டுக் கடையை மூடிக்கொண்டு போனவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மனைவி அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்து, ஏரிக்குப் போன நாளின் பக்கத்தைப் பிரித்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நீல மை மங்கவே இல்லை.

"ஏரிக்கு நான் மட்டும் போனேன். அவர் ரூமில் உட்கார்ந்து பயணக் குறிப்பு தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும், தண்ணீர் என்ன நிறம் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்."