பின் சீட்டில் இருந்த எடை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சொந்த வண்டியின் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று தெரியாதவர்களின் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

பத்தொன்பது வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறேன். சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்க்கிறேன். பேய் என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். என் மனைவியின் தம்பி என்னோடு கடையில் வேலை செய்கிறான். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். இருட்டில் கழிப்பறைக்குத் தனியாகப் போகமாட்டான். அவனைப் பார்த்துச் சிரித்தே எனக்குப் பாதி நாள் போகும்.

பேய் வர ராத்திரி வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 2:10.

ஒரு வாடிக்கைக்காரன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். எந்த வெயிலிலும் மடிப்புக் கலையாத சட்டை போடுவான். அதனால் அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் ஐந்தாவது முறையாக வருகிறான். வணக்கமும் கிடையாது, முகத்தைப் பார்ப்பதும் கிடையாது. சாவியை என் மேசையில் வீசினான்.

"முன் சக்கரம் மறுபடியும் பஞ்சர். ஹேண்டில் வேற ஆடுது. நீ ஒட்டுற லட்சணம் அப்படி."

"ஓட்டுற லட்சணமா இருக்கும்" என்றேன்.

முறைத்துவிட்டுப் போனான்.

முன் சக்கரத்தைக் கழற்றினால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு விழும். அதனால் எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். டியூபை உருவிக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன்.

ஆணி இல்லை. முள் இல்லை. டயருக்குள் விரல் விட்டுத் தடவினேன், சுத்தம். ஆனாலும் டியூபில் ஓட்டை இருந்தது. குமிழ் வந்தது. நின்றது. கொஞ்சம் பொறுத்து, வந்தது. நின்றது.

காற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஓட்டை இருந்தால் காலியாகும்வரை விடாமல் வரும். இது மூச்சு விட்டது. தூங்குகிறவர்கள் விடுவார்களே, அப்படி.

'தண்ணீர் அழுக்கு' என்று எனக்கே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு ஒட்டினேன்.

2:31. சக்கரத்தை பேலன்ஸ் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டேன். கனமான பக்கம் அடியில் வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஈயத்துண்டு ஒட்டினால் சரியாகிவிடும். அவ்வளவுதான் வித்தை.

நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். எதிரே பத்து கிராம் ஒட்டினேன். சுற்றினேன். கோடு அடியில் வந்து நின்றது.

இருபது கிராம். கோடு அடியில்.

எண்பது கிராம்! எண்பதுக்கு எந்தச் சக்கரமும் தலைகீழாகத் திரும்பும். கோடு அடியில்.

இன்னொன்று. கனமான பக்கம் இறங்கினால் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடித்தான் நிற்கும். இது ஆடவில்லை. வந்தது, நின்றது. யாரோ கையால் பிடித்து நிறுத்தியது போல...

என் மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா... அதை விட்டுருங்க."

"பேரிங் பிடிக்குதுடா, முட்டாளே."

"பேரிங் இல்ல மாமா."

எழுந்து ஓடினான். ஓடுகிற அவசரத்தில் எஞ்சினுக்கு அடியில் இருந்த கட்டையை எத்திவிட்டான். கட்டை உருண்டு தெருவில் போய் விழுந்தது. வண்டி சாயப்போகிறது என்று பாய்ந்தேன்.

சாயவில்லை.

முன் சக்கரம் மாட்டுகிற ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

பின்பக்கம் பார்த்தேன். டயர் பிதுங்கியிருந்தது. ஸ்பிரிங் இரண்டும் அமுங்கியிருந்தன. அந்த அமுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிறேன்.

பின் சீட்டில் ஆள் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

சீட் காலி.

ஃபோர்க்கைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். இறங்கியது. கையை எடுத்தேன்.

மேலே எழும்பியது.

2:44. வெளியே பஸ் போனது. இரண்டு பேர் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். வெயில் கடைக்குள் பாதி வரை வந்திருந்தது.

டக்.

பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்கிற கம்பி மடங்கியிருந்தது. அது தானாக விரிந்தது.

ஸ்பிரிங் மெல்ல எழுந்தது... டயர் உருண்டை ஆனது...

தொம்!

ஃபோர்க் தரையில் இடித்தது.

இறங்கிவிட்டது.

எனக்குப் பின்னால் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

நான் திரும்பவில்லை.

சுற்றியது...

சுற்றியது...

நின்றது.

திரும்பினேன். சாக்பீஸ் கோடு இல்லை. துடைத்த ஈரம் மட்டும் இருந்தது.

4:10க்கு இஸ்திரி வந்தான். சக்கரத்தை எப்படியோ மாட்டி, வண்டியைத் தெருவில் நிறுத்தியிருந்தேன்.

"எடுத்துட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

"பஞ்சர் ஒட்டுறவனுக்கு இவ்வளவு திமிரா?"

"பின்னாடி யாரை ஏத்திக்கிட்டுச் சுத்துறீங்க?"

அவன் இஸ்திரிச் சட்டை வியர்வையில் மார்போடு ஒட்டிக்கொண்டது. கிளப்பினான். அவன் ஒருவன்தான் ஏறினான். ஸ்பிரிங் இருவருக்கு அமுங்கியது.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் நடந்து வந்தாள். கையில் பை. கண்ணுக்குக் கீழே கருப்பு. இஸ்திரியின் மனைவி.

"அண்ணே, ரெண்டு மாசம் முன்னாடி அவர் முதல்முதலா இங்க வந்தாரே, பின் சக்கரம் பஞ்சர்னு... அன்னைக்குக் கடையில ரொம்பக் கூட்டமா?"

"ஈ காக்கா இல்லம்மா. ஆணியைப் பிடுங்கி ஒட்டிக் கொடுத்தேன். இருபது நிமிஷம்."

தலையை ஆட்டினாள். முன்பே தெரிந்த மாதிரி.

"அவங்க அம்மாவுக்குக் கண்ணுல மருந்து ஊத்தி ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்திருக்கார். வழியில பஞ்சர். வெயில்ல ரோட்டோரமா உட்கார வெச்சிட்டு, 'ஒட்டிட்டு வந்துடறேன், எங்கயும் போகாத'ன்னு சொன்னாராம். மூணு மணி நேரம் கழிச்சுப் போயிருக்கார். கேட்டா, பஞ்சர் கடையில கூட்டம்னார். சீட்டாட உட்கார்ந்துட்டார்னு அவர் கூட்டாளி போன வாரம்தான் உளறினான்."

மனிதர்களில் எத்தனையோ மட்டங்களைப் பார்த்திருக்கிறேன். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண்ணுக்காக விழுங்கினேன்.

"அம்மா அங்கேயே இறந்துட்டாங்களா?"

"யாரு? உசுரோட இருக்காங்கண்ணே."

எனக்கு விளங்கவில்லை.

"மயங்கிக் கிடந்தாங்க. அதுக்கப்புறம் பேச்சு இல்ல, நினைவு இல்ல. ரெண்டு மாசமா கட்டில்லதான் இருக்காங்க. நான் புரட்டிப் போட்டாதான் புரளுவாங்க. மூச்சு மட்டும் வருது."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் வந்தது அதுக்கில்ல. கிரீஸ் போக நீங்க என்ன போடுவீங்க?"

"துணியிலயா?"

"கையில. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உடம்பு துடைக்கப் போனேன். அத்தையோட உள்ளங்கை ரெண்டும் கறுப்பு. நகத்துக்குள்ள எல்லாம் கிரீஸ். சோப்பு போட்டுத் தேய்ச்சேன், லேசா போச்சு. மறுநாள் அவர் வண்டியில வெளிய போயிட்டு வந்தார். போய்ப் பார்த்தா மறுபடியும் இருக்கு. தினமும் இருக்குண்ணே."

மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து ஒரு பொட்டலம் கட்டினேன்.

அவள் வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொடுங்கண்ணே. அவர் நாளைக்குத் தூரமா போறார்."