நாளும் நேரமும் சொல்லாத அழைப்பு

டீச்சருக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. பிழைக்க வந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுப்பது. பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைதான் மாலையில் அவருக்கு. அந்தக் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்க லாரி டிரைவரும் தையல்காரம்மாவும் ஆஸ்பத்திரி ஆயாவும் உட்கார்ந்து படிப்பார்கள்.

இலக்கணத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "பேச்சுல தப்பு வந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பழக்கம் தெரியாம பேசினாத்தான் முகம் சுளிப்பாங்க" என்பார். ஆகவே பாதி நேரம் நாடகம்தான். வகுப்பறைக் கதவு வீட்டு வாசலாகிவிடும். ஒருவர் வெளியே நின்று தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் டீ வேண்டுமா என்று கேட்க வேண்டும். வந்தவர் முதலில் "ஐயோ, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை கேட்டதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ரெண்டாவது தடவை கேக்கலைன்னா டீச்சர்?" என்றார் டிரைவர்.

"தாகத்தோட வீட்டுக்குப் போகணும்."

வகுப்பே சிரித்தது.

அந்த டிரைவர்தான் ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். குடோன் மேனேஜர் "ஒரு நாள் குடும்பத்தோட வீட்டுக்கு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். இந்த மனுஷன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மனைவி, இரண்டு பெண்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் சகிதம் போய் நின்றுவிட்டார். பனியனோடு கதவைத் திறந்த மேனேஜர், கதவிலிருந்து கையை எடுக்காமலே "என்ன விஷயம்?" என்று கேட்டாராம். திரும்பி வரும் வழியில் வாழைப்பழத்தைப் பிள்ளைகளே தின்று தீர்த்தார்கள்.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜரைத் திட்ட முடியாதே! அந்தக் கோபத்தைக் கரும்பலகையில் காட்டினார். 'நாளும் நேரமும் சொன்னால் அழைப்பு. சொல்லாவிட்டால் மரியாதை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"மரியாதைக்குக் கூப்பிட்டா, நீங்களும் மரியாதையா 'கண்டிப்பா வர்றேன்'னு சொல்லிட்டு வீட்டுலயே இருங்க."

மூன்று மாலைகள் அதே பயிற்சி. ஒருவர் அழைப்பார், மற்றவர் தலையாட்டுவார், யாரும் எங்கும் போக மாட்டார்கள். 'கண்டிப்பா'வை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பது வரை டிரைவருக்கு அத்துப்படியாகிவிட்டது.

டீச்சர் வீட்டில் டீச்சர் மட்டும்தான். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. தூரத்தில் இருக்கும் மகள் ஃபோனில் "வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போம்மா" என்பாள். எந்த மாதம் என்று அவளும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. மாலை வகுப்பில் பேசுவதுதான் அவருக்கு அன்றன்றைய பேச்சு. அதையும் இந்த வருஷம் வயதைக் காட்டி முடித்துவைத்தார்கள்.

கடைசி நாளுக்கு முன்பே எட்டுக் கோப்பைகள் வாங்கி வைத்துவிட்டார். வகுப்பில் இருந்தது எட்டுப் பேர். அன்று விலாசமும் ஃபோன் நம்பரும் எழுதிய சீட்டை ஆளுக்கொன்று கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு நாள் எல்லாரும் வீட்டுக்கு வாங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாள் சொல்லிக் கூப்பிட்டு யாரும் வராமல் போனால், வரவில்லை என்பது உறுதியாகிவிடுமே! அதற்குப் பயந்து விழுங்கிவிட்டார்.

"கண்டிப்பா வர்றோம் டீச்சர்" என்றார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில்.

முதல் ஞாயிறு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இரண்டாம் ஞாயிறு மறுபடி கழுவினார். மூன்றாம் ஞாயிறு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டுக் கதவு வரை போனார். அது மேல்வீட்டுக்குப் போயிற்று. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தார். பழகவில்லை.

நாலாம் ஞாயிறு மாலை ஃபோன் அடித்தது. லாரி டிரைவர்தான்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? ஒரு சந்தேகம். உங்க வீட்டுக்கு வரணும்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். தையல்காரம்மா புறப்பட்டே நின்னாங்க. நான்தான் தடுத்துட்டேன். டீச்சர் நாளும் சொல்லலை, நேரமும் சொல்லலை, அது மரியாதைக்குச் சொன்னது, போய் நின்னா அவங்களுக்குச் சங்கடம்னு சொன்னேன். சரியாச் சொன்னேனா?"

குரலில் அவ்வளவு பெருமை. இல்லை, தப்பு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு இப்போதே வாங்க என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். வாழைப்பழச் சீப்போடு நின்ற அந்த வாசல் ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்கு மட்டும் அந்தப் பாடம் பொருந்தாது என்று சொன்னால், மனுஷன் மறுபடி யார் வாசலில் போய் நிற்பாரோ?

"ரொம்பச் சரி" என்றார்.

"அப்பாடா! நீங்க சொல்லிக்கொடுத்தது வீண் போகலை. நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க டீச்சர்."

டீச்சர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எந்த நாள் என்று சொல்வாரா என்று காத்திருந்தார். அவர் சொல்லவில்லை.

"கண்டிப்பா வர்றேன்" என்றார் டீச்சர், இழுக்க வேண்டிய அளவுக்கு இழுத்து.