கிளாரன்ஸ் பாரின் செல்வநாயகம்

என் அப்பா செல்வநாயகம் கிளாரன்ஸ் ஹோட்டல் பாரில் நாற்பத்தொரு வருடம் வேலை செய்தார். ஒரு சொட்டும் குடித்ததில்லை. எங்கள் ஊரான சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் யாழ்ப்பாணம் போய், பின்னேரம் நான்கு மணிக்குக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பார். ஊரில் யாராவது கேட்டால், "ஹோட்டலிலை வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கடலேரியைப் பார்த்தபடி நிற்கும் அந்த இரண்டு மாடிக் கட்டடத்தை 1936இல் ஒரு புகையிலை வியாபாரி கட்டினார். கிளாரன்ஸ் என்பது யார் என்று அப்பாவுக்கும் தெரியாது. பாரின் கவுண்டர் பர்மாத் தேக்கு. வல்வெட்டித்துறைக்குப் பாய்க்கப்பலில் வந்திறங்கிய மரம். யுத்த காலத்தில் ஹோட்டல் முதலில் அகதி முகாமாக இருந்தது, பிறகு மேல்மாடியில் மட்டும் இராணுவம் இருந்தது. பொருளாதாரத் தடை நாட்களில் ஊற்ற ஒன்றுமில்லாதபோதும் அப்பா போனார். தேங்காயெண்ணெய் தொட்டுக் கவுண்டரைத் துடைத்துவிட்டுத் திரும்புவார். தொண்ணூற்றைந்தில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த ஆறு மாதம்தான் அந்த மரத்தை அவர் தொடாமல் இருந்தது.

ஹோட்டலுக்கு முன்வாசல் பெரிது. பாருக்குத் தனிக் கதவு, அது பின்பக்கச் சிறு ஒழுங்கையில் இருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள்: அதிபர்கள், வழக்குப் பேசும் அப்புக்காத்துகள், கோயில் தர்மகர்த்தாக்கள். ஆகவே பார் வேலைக்காரரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உள்ளே கண்டவரை வெளியே கண்டால் தெரியாது. சிரிக்கவும் கூடாது, தலையாட்டவும் கூடாது. எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் என் கையில் புத்தகம் தந்தபோது, முன்வரிசையில் இருந்த அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

2012இல் முதலாளி இறந்து ஹோட்டல் பூட்டப்பட்டது. பதினொரு வருடம் கழித்து அவருடைய பேரன் நிருஷன் கனடாவிலிருந்து வந்து திருத்தத் தொடங்கினான். பழைய பாரை அப்படியே பழையபடி வைக்கப்போவதாகவும், கவுண்டருக்குப் பின்னால் பழைய ஆளே நிற்க வேண்டும் என்றும் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"பின்னேரத்திலை மூண்டு மணித்தியாலம் நிண்டால் காணும் அங்கிள். வாற ஆக்களுக்குப் பழைய கதை சொல்லுங்கோ."

"கதை சொல்லுவன் தம்பி. பேர் சொல்ல மாட்டன்," என்றார் அப்பா.

"பேரில்லாமல் என்ன கதை?"

"மரத்தின்ரை கதை இருக்கு. ஐஸ்கட்டி வந்த கதை இருக்கு. உமக்குக் காணாதோ?"

நிருஷன் சிரித்தான். திறப்பு விழாவில் எல்லோரையும் பார்த்துவிட்டு வேலையை உறுதி செய்வதாகச் சொல்லிப் போனான். அப்பாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அன்றைக்கே இரண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். பழைய சப்பாத்துக்குப் புது அடி போட்டார். வேறெதற்கும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

விழாவன்று நானும் கூடப் போனேன். நிருஷன் அப்பாவை முன்வாசலில் நிறுத்தினான். "பழைய முகம் வாசலிலை நிண்டால்தான் ஆக்களுக்குச் சந்தோசம் அங்கிள்." அப்பா தயங்கினார், ஆனால் நின்றார்.

வான் வண்டியிலிருந்து ஒரு முதியவரும் மனைவியும் இறங்கினார்கள். டொக்டர் இராசநாயகம், இங்கிலாந்தில் நாற்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அன்றைய பிரதம விருந்தினர். அப்பாவைக் கண்டதும் கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

"செல்வம்! என்னை மறந்திட்டியே?"

அப்பாவின் முகம் அசையவில்லை. "மன்னிக்கோணும் ஐயா. ஆரெண்டு தெரியேல்லை."

"என்னடாப்பா, ராசா டொக்டர்! வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்கு ஜின் ஊத்தினனீ!"

மனைவி நின்றார். "வெள்ளிக்கிழமையோ? நல்லூருக்குப் போறன் எண்டெல்லோ போறனீங்கள்? நானும் வீட்டிலை விரதம் இருந்து பாத்துக்கொண்டிருந்தனான்!"

"கோயிலுக்கும் போனனான்தான்..."

"எந்தக் கோயிலுக்கு? கவுண்டர் வைச்ச கோயிலுக்கோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் பாதிச் சிரிப்போடுதான் கேட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா வேறை ஆரையோ நினைக்கிறார் போலை அம்மா," என்றார். "வெள்ளிக்கிழமையிலை உவர் இஞ்சை வந்ததில்லை."

டொக்டரின் கைகள் கீழே இறங்கின. அப்பாவின் கண்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் மெல்லத் தட்டிவிட்டு நிருஷனை ஒதுக்கமாகக் கூட்டிப்போனார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "பாவம். மறதி தொடங்கீட்டுது. உப்பிடித்தான் துவங்கும். போத்தில், கிளாஸெண்டு பொறுப்புக் குடுக்காதையும்."

பாருக்குள் அப்பாவை அன்று யாரும் அழைக்கவில்லை.

வீடு திரும்பும் பஸ் மானிப்பாயைத் தாண்டியது. பிறகு கேட்டேன். "அப்பா, உண்மையா அவரைத் தெரியேல்லையோ?"

"வாசலிலையெல்லோ கண்டனான்," என்றார். "உள்ளை வந்திருந்தால் கேக்காமலே ஊத்திக் குடுத்திருப்பன். ஜின், அரைத் தேசிக்காய். ஐஸ் போடக்கூடாது, அவருக்குப் பல்லுக் கூச்சம்."

"அவரே வாயாலை சொல்லிப்போட்டார். பிறகென்னத்துக்கு மறைச்சனீங்கள்?"

"அவர் சொல்லலாம். அது அவரின்ரை பாடு. மனிசி கேக்கேக்கை நான் ஓமெண்டு சொல்லேலுமே?"

அடுத்த நாள் காலை நிருஷன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். மிகவும் மரியாதையாகப் பேசினான். "டொக்டர் சொல்லுறார் அக்கா, அங்கிளை ஒருக்கால் ஆஸ்பத்திரியிலை காட்டச் சொல்லி. வேலை... அவர் ஓய்வா இருக்கட்டுமே."

அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. அப்பாவுக்கு மறதி ஒன்றுமில்லை, அவர் தெரிந்தேதான் அப்படிச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நிருஷன் சிரித்துக்கொண்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பான். ஆனால் அது டொக்டரிடம் போகும், அங்கிருந்து அந்த அம்மாவிடம் போகும். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை இடமும் வலமும் ஆட்டினார்.

"ஓம் தம்பி," என்றேன் நான். "அவருக்கும் வயசு போகுதுதானே."

தொலைபேசியை வைத்ததும் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார். புதுச் சட்டை இரண்டையும் மடித்து அலுமாரியில் வைத்தது நான்தான். போன மாதம், எழுபத்து நான்காவது வயதில் அவர் இறந்தபோது, அதிலொன்றைத்தான் உடுத்திவிட்டோம்.