திரை துடைத்தவர்

பெருந்துறையில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரிக்கும் குடோனில் நான் வாட்ச்மேன். அங்கே வேலை செய்த ஒல்லியான மனிதர் ஒருவர், உடைப்பதற்கு முன் ஒவ்வொரு திரையையும் தன் தோள்துண்டால் துடைப்பார்.

"உடைக்கறதுக்கு எதுக்குங்க தொடைக்கறீங்க?" என்றேன் ஒருநாள்.

"வெளிநாட்டுல இருந்து வருது. எத்தன பேரு மூஞ்சியப் பாத்திருக்குமோங்க."

பிறகு சட்டம் கடுமையானது. வெளிநாட்டுக் கழிவை இறக்கக் கூடாதென்று, எங்களுக்கு வந்த கண்டெய்னரைத் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதிப் பேரை நிறுத்தப்போவதாகப் பேச்சு.

"அது அதோட ஊட்டுக்குப் போயிருச்சு. நான் எங்கீங்க போறது? என்னைய வச்சுக்கச் சொல்லி முதலாளிகிட்ட ஒரு வார்த்த பேசுங்க" என்றார்.

தலையாட்டினேன். முதலாளியின் கார் வந்தது. கேட்டைத் திறந்து சலாம் வைத்தேன். கார் உள்ளே போனதும் கேட்டைச் சாத்திவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அந்த மனிதர் குடோனுக்குள்ளிருந்து என்னையே பார்த்தபடி, துடைத்த திரையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.